தரம் இரண்டு

முப்பத்தோரு வருடம்
ஆட்டு ரோமத்தைத் தொட்டுத் தரம் சொன்னவை இந்த விரல்கள்.
கண்ணை மூடிக்கொண்டும் சொல்லும்:
இது கழுத்து, இது தொடை,
இந்த ஆடு போன குளிரில் பட்டினி கிடந்திருக்கிறது.
கற்றைக்குள் பதுங்கிய முள்விதையை
மூட்டை கட்டுமுன் பிடித்துவிடும்.

அதையும் பிடித்தவை இவைதான்,
சோப்பு நுரைக்கு நடுவே.
இடப்பக்கம், அக்குளுக்குக் கொஞ்சம் கீழே
ஒரு பட்டாணி.
நகர்த்திப் பார்த்தேன். நகரவில்லை.
எலியோதோரோ கதவைத் தட்டி
உள்ளேயே தூங்கிவிட்டாயா என்றான்.
ஆமாம் என்றேன்.

டாக்டர் யசென்கா சின்னப் பெண்.
காகிதத்தை இரண்டு முறை மடித்து, பிரித்து,
"தரம் இரண்டு, மிர்த்தா" என்றாள்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
எங்கள் கொட்டகையில் தரம் இரண்டென்றால்
ஸ்வெட்டருக்கு ஆகும்,
கம்பளத்துக்குப் போகத் தேவையில்லை என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.
தண்ணீர் டம்ளரை என் பக்கமாக
மெல்ல நகர்த்தினாள்.

பயம் அங்கே வரவில்லை.
நான்கு நாள் கழித்து, செருப்புக்கடையில் வந்தது.
பனிக்கால பூட்ஸைத் தட்டிக் காட்டி
"ஐந்து வருடம் உழைக்கும் அம்மா" என்றான் பையன்.
ஐந்து வருடம்.
டாக்டரும் அதே எண்ணைத்தான் சொல்லியிருந்தாள்.
பூட்ஸைக் கீழே வைத்துவிட்டு
வெளியே ஓடிவந்து
தபால்பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அதன்பின் எதைத் தொட்டாலும் அது கணக்குப் பார்த்தது.
கசாப்புக்கடைக்காரர் இலவசமாகக் கொடுத்த காலண்டர்.
இரண்டு கிலோ உருளைக்கிழங்கா, ஐந்து கிலோவா.
அக்டோபரில் கத்தரிப்பு தொடங்கும்போது
என் மேசையில் யார் நிற்பார்கள்.
தைரியமாக இரு என்று நாத்தனார் ரொட்டியோடு வந்தாள்;
ரொட்டியை மட்டும் வாங்கிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை காற்று நூற்றுப் பத்தைத் தொட்டது.
புன்டா அரேனாஸில் அப்படிப்பட்ட நாட்களில்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்.
இங்கே பிறந்தவர்களுக்குத் தெரியும்:
அது வீசும்போது நடக்கக் கூடாது.
கயிற்றைப் பிடித்து, தலையைக் குனிந்து நிற்கவேண்டும்.
மூச்சு வாங்க அதுவும் ஒரு கணம் நிற்கும்.
அப்போது நாலு அடி.
பிறகு மறுபடி கயிறு.

எனக்கு எதிரே ஒருவர் கேக் பெட்டியோடு தத்தளித்தார்.
தொப்பி பறந்துபோயிருந்தது.
"கொஞ்சம் பிடிக்கிறீர்களா? என் கண்ணாடி போகிறது!"
ஒரு கையில் கயிறு,
மறுகையில் யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள்.
பெட்டி ஓட்டை வழியே நீலச் சர்க்கரையில்
ஒன்பது என்ற எண்ணின் வால் தெரிந்தது.
அது கவிழ்ந்துவிடக் கூடாது என்பதைத் தவிர
எனக்கு வேறு கவலையே இல்லை,
ஐந்து நிமிடமோ, ஆறோ.

பஸ் நிறுத்தத்துக்கு வந்ததும் அது திரும்பிவிட்டது.
போகும் என்று நானும் நினைக்கவில்லை.
ஆனாலும் வழியில் இறங்கி
அந்த பூட்ஸை வாங்கினேன்.
அரை அளவு பெரிது,
தடித்த காலுறை போடத் தோதாக.

இரவுதான் கஷ்டம்.
விரல்கள் தாமாகவே அங்கே போகும்,
இருக்கிறதா, வளர்ந்ததா என்று.
அதட்டினாலும் கேட்பதில்லை.
வேலை இல்லாத கை அப்படித்தான்.

அதனால் வேலை கொடுத்தேன்.
குறட்டை விடுகிறவனின் தலைக்குக் கொண்டுபோனேன்.
பின்னங்கழுத்திலிருந்து தொடங்கி
கற்றை கற்றையாகப் பிரித்தேன்.
"நீளம் குறைவு," என்றேன் இருட்டிடம்,
"கரடு. நரை கலப்பு. தரம் மூன்று."

குறட்டை நின்றது.
"என்ன விலை போகும்?"

விற்பதற்கில்லை என்றேன்.

காலை ஏழேகாலுக்கு முதல் மருந்து ஏற்றுவார்கள்.
விடிய இன்னும் ஐந்து மணி நேரம்.
அதுவரை எண்ணுவதற்கு
அவன் தலையில் முடி போதாது.